டிசைன் படிக்க பெங்களூர் வந்திருக்கற தம்பி தங்கச்சிங்களுக்கு: முதல் வருஷம் எங்க போகணும், எதை வரையணும், எப்படி காசு கேக்கணும்

ஜூலை மாசம் பொறந்தா எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும். கிருஷ்ணகிரி, வேலூர், சேலம், திருப்பத்தூர்னு எங்கெங்கயோ இருந்து, சித்தி வீட்டுக்கு எதுத்த வீட்டு பொண்ணு, கூட படிச்சவளோட தம்பி, இப்படி யாராவது, “அக்கா, பெங்களூர்ல டிசைன்ல சீட் கிடைச்சிருச்சு, தங்கறதுக்கு பிஜி கூட பாத்தாச்சு, இனிமே என்ன பண்ணணும்”னு கேப்பாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு மணி நேரம் பேசறேன், வெச்சப்புறம் அடடா இதை சொல்லாம விட்டுட்டோமேன்னு தோணும். அதான் மொத்தமா ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னு உக்காந்துட்டேன். இல்லஸ்ட்ரேஷன் படிக்கறவங்களுக்கும் கிராஃபிக் டிசைன் படிக்கறவங்களுக்கும் சேத்துதான் எழுதறேன், வெளிய வேலைன்னு வந்துட்டா ரெண்டுக்கும் நடுவுல பெரிய சுவர் எதுவும் கிடையாது.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். காலேஜ் எதுவா இருந்தாலும் சரி, எலஹங்கால ஸ்ருஷ்டியோ, எச்எஸ்ஆர்ல நிஃப்டோ, குமாரகிருபா ரோட்ல சித்ரகலா பரிஷத்தோ, இல்ல பேரே தெரியாத ஒரு சின்ன இன்ஸ்டிடியூட்டோ, கிளாஸ்ல கிடைக்கறது பாதிதான். மீதி பாதி இந்த ஊர் ரோட்டுல கிடக்கு. போய் எடுக்கறவங்களுக்கு கிடைக்கும்.

முதல் படி: கஸ்தூர்பா ரோட்ல ஒரு நாள்

வந்த முதல் மாசமே ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்க. பர்பிள் லைன் மெட்ரோ ஏறி கப்பன் பார்க் ஸ்டேஷன்ல இறங்குங்க, அங்கிருந்து கஸ்தூர்பா ரோடு நடக்கற தூரம்தான். அங்க மேப்னு எல்லாரும் சொல்ற மியூசியம் ஆஃப் ஆர்ட் அண்ட் போட்டோகிராபி இருக்கு, 2023 பிப்ரவரில திறந்தாங்க, வெளிய பாத்தா ஸ்டீல் தண்ணி டேங்க் மாதிரி பெட்டி பெட்டியா ஜொலிக்கும். டிசைன் படிக்கறவங்க அங்க முக்கியமா பாக்க வேண்டியது, பழைய விளம்பரம், காலண்டர் படம், சினிமா போஸ்டர், துணி பேல்ல ஒட்டற லேபிள் இதெல்லாம் கூட கலைன்னு மதிச்சு சேத்து வெச்சிருக்காங்க பாருங்க, அதைத்தான். எங்க தாத்தா கடைல மாட்டியிருந்த காலண்டரை ஒரு மியூசியம் கண்ணாடி போட்டு வெச்சிருக்குன்னா நாம பொறந்து வளர்ந்த இடத்துக்கே ஒரு டிசைன் சரித்திரம் இருக்குன்னு அர்த்தம். எனக்கு அது புரிய இருபத்தஞ்சு வயசு ஆச்சு, உங்களுக்கு பதினெட்டுலயே புரியட்டும்.

அதே ரோட்ல வெங்கடப்பா ஆர்ட் கேலரியும் இருக்கு, எட்டிப் பாத்துட்டு வாங்க. இன்னொரு நாள் பேலஸ் ரோட்ல என்ஜிஎம்ஏ, அதாவது நேஷனல் கேலரி ஆஃப் மாடர்ன் ஆர்ட் போங்க, மாணிக்கவேலு மேன்ஷன்ங்கற பழைய பங்களால 2009-ல இருந்து நடக்குது, திங்கக்கிழமை மட்டும் போயிடாதீங்க, லீவு. கார்ட்டூன், கேலிச்சித்திரம் பக்கம் ஆசை இருந்தா எம்ஜி ரோடு ட்ரினிட்டி சர்க்கிள் கிட்ட இந்தியன் கார்ட்டூன் கேலரின்னு ஒண்ணு இருக்கு, சின்ன இடம்தான், ஆனா வரைஞ்ச கோடுகளை பக்கத்துல இருந்து பாக்கலாம், எங்க பேனா அழுத்துச்சு எங்க விட்டுச்சுன்னு ஒரிஜினல்லதான் தெரியும், போன் ஸ்கிரீன்ல தெரியவே தெரியாது.

ஜனவரி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சித்ர சந்தை நடக்கும், குமாரகிருபா ரோடு முழுக்க ஓவியர்ங்க உக்காந்துடுவாங்க. அதுக்கு ரெண்டு தடவை போகணும், காலைல ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை. காலைல படத்தைப் பாருங்க. சாயங்காலம் எது வித்துப்போச்சு, எது அப்படியே நிக்குது, என்ன விலைக்கு பேரம் படிஞ்சுதுன்னு பாருங்க. விலை போடறதைப் பத்தி இதை விட நல்ல கிளாஸ் எனக்குத் தெரிஞ்சு எங்கயும் கிடையாது. அடுத்த வருஷம் நீங்களே உக்காரணும்னா முன்னாடியே அப்ளிகேஷன் கொடுக்கணும், அதை மறந்துடாதீங்க.

ரெண்டாவது படி: ஸ்கெட்ச்புக்கோட அலையுங்க

ஐபேட் வாங்கித்தரச் சொல்லி வீட்ல சண்டை போடாதீங்க. முதல் வருஷத்துக்கு ஏ5 சைஸ்ல ஒரு ஸ்கெட்ச்புக், ஒரு பால்பாயிண்ட் பேனா, ஒரு 2பி பென்சில் போதும். டிஜிட்டலுக்கு ஸ்கிரீன் இல்லாத சின்ன பென் டேப்லெட் அஞ்சாயிரத்துக்கு உள்ளயே கிடைக்குது, அதுக்கு கிரிட்டான்னு ஒரு வரையற சாஃப்ட்வேர் போட்டுக்கங்க, இலவசம், பெயின்டிங்குக்கு அருமையா இருக்கும். எவ்வளவு பெருசாக்கினாலும் உடையாத வெக்டர் படத்துக்கு இங்க்ஸ்கேப், அதுவும் இலவசம். ஆப், வெப்சைட் ஸ்கிரீன் டிசைன் பண்ற ஃபிக்மாவும் மாணவர்களுக்கு இலவசமா கிடைக்குது. காலேஜ் லேப்ல இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் மாதிரி அடோபி சாஃப்ட்வேர் இருக்கும், அதை லேப்லயே கத்துக்கலாம்.

எங்க போய் வரையறதுன்னா இந்த ஊர்ல இடத்துக்கா பஞ்சம்? சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட், விடிகாலைல கேஆர் மார்க்கெட் பூ ஏலம், லால்பாக் கண்ணாடி மாளிகை. செப்டம்பர் 8-ஆம் தேதி சிவாஜிநகர் செயின்ட் மேரிஸ் பசிலிக்கா திருவிழா, காவிச்சேலை கட்டிட்டு வர்ற கூட்டம், தமிழ்ப் பாட்டு, மெழுகுவத்தி வெளிச்சம். கன்னட பஞ்சாங்கப்படி சைத்ர பௌர்ணமி ராத்திரி திகளர்பேட்டை தர்மராய சாமி கோயில்ல இருந்து கிளம்பற கரகம், மல்லிப்பூ கோபுரத்தை தலைல வெச்சிட்டு வர்றதை ஒரு தடவை பாத்துட்டா அப்புறம் எவ்வளவு நாள் ஆனாலும் கைல இருந்து போகாது. தனியா போக கூச்சமா இருந்தா பென்சில் ஜாம்னு ஒரு குரூப் இருக்கு, வாரக்கடைசில ஒரு இடத்துல கூடி வரைவாங்க, புதுசா வர்றவங்களை சேத்துப்பாங்க.

இங்க என் கதை ஒண்ணு. வந்த புதுசுல அல்சூர் சோமேஸ்வரர் கோயில் வாசல்ல ஒரு பூக்கார அம்மாவை வரைஞ்சிட்டிருந்தேன். அரை மணி நேரம், மூக்குத்தி, சுருக்கம், கூடை, கதம்பம் எல்லாம் போட்டாச்சு, எனக்கே பெருமையா இருந்துச்சு. அவங்க கிட்ட காட்டினேன். பாத்துட்டு, “நல்லாதான் இருக்கு கண்ணு, ஆனா முழம் போடற கையை விட்டுட்டியே”ன்னாங்க. அந்தம்மா நாள் பூரா செய்யறதே அதுதான், விரல் நுனில இருந்து முழங்கை வரைக்கும் பூவை இழுத்து அளந்து அறுக்கறது, நான் முகத்தையே பாத்துட்டிருந்ததால அது கண்ணுல படவே இல்ல. மறுநாள் திரும்பப் போய் கையை மட்டும் வரைஞ்சேன், இருபது தடவை. என் முதல் சம்பளம் வாங்கின வேலை அந்தப் பக்கத்தைப் பாத்துட்டு வந்ததுதான், குழந்தைங்களுக்கு அளவு சொல்லிக்கொடுக்கற ஒரு புத்தகத்துக்கு முழம், சாண், விரக்கடை இதெல்லாம் வரையணும்னு கூப்பிட்டாங்க.

அதனால ஆளை வரையும்போது அவங்க என்ன வேலை பாக்கறாங்கன்னு பாருங்க. பரோட்டா மாஸ்டர் வீசற மணிக்கட்டு, டெய்லர் வாயில கடிச்சிருக்கற ஊசி, பஸ் கண்டக்டர் விரலிடுக்குல மடிச்சு வெச்சிருக்கற நோட்டு. இப்ப எல்லாரும் ஏஐ வந்துருச்சே இனிமே நமக்கு வேலை இருக்குமான்னு பயப்படறீங்க, பயம் நியாயம்தான், சில வேலைங்க குறைஞ்சிருக்கு, அதை நான் மறைக்கல. ஆனா கம்ப்யூட்டர் போட்டுக்கொடுக்கற பூக்காரம்மா படத்துல முழம் போடற கை தானா வராது, யாராவது ஒருத்தர் அதை முதல்ல கண்ணால பாத்திருக்கணும்.

வரையறதுக்கு முன்னாடி கேட்டுட்டு வரைங்க, முடிஞ்சா ஒரு போட்டோ எடுத்து அவங்க வாட்ஸப்புக்கு அனுப்பிடுங்க. அது மரியாதை.

மூணாவது படி: தமிழ் எழுத்தை விட்டுடாதீங்க

இதைப் பத்தி கொஞ்சம் அதிகமாவே எழுதப்போறேன், ஏன்னா நம்ம பசங்க எல்லாரும் கோட்டை விடறது இங்கதான். பெங்களூர் வந்த உடனே போர்ட்ஃபோலியோ முழுக்க இங்கிலீஷ் எழுத்தா போட்டுடறாங்க. ஆனா தமிழ் லெட்டரிங், தமிழ் டைப் செட்டிங் ஒழுங்கா பண்ணத் தெரிஞ்ச ஆளை இந்த ஊர் ஸ்டுடியோக்காரங்க தேடிட்டே இருக்காங்க, நாலு மாநிலத்துல விக்கற பிஸ்கட்டோ ஆயில் பாக்கெட்டோ பண்ணும்போது தமிழ் வரியை யாரோ கூகிள்ல போட்டு காப்பி பண்ணி ஒட்டி, அது உடைஞ்சு, அப்படியே பிரிண்டாகி கடைக்கு வந்துடுது, நீங்களே பாத்திருப்பீங்க.

உடையறது ஏன்னா, ‘கொ’ன்னு ஒரு எழுத்துல கொம்பு முன்னாடியும் கால் பின்னாடியும் வரணும், அதை சரியா அடுக்கறதுக்கு சாஃப்ட்வேர்ல தனி செட்டிங் இருக்கு. இல்லஸ்ட்ரேட்டர்ல ப்ரிஃபரன்சஸ் போய் டைப்ல ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ டிக் பண்ணுங்க, அப்புறம் பாராகிராஃப் பேனல் மெனுல மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் கம்போசர்னு இருக்கறதை எடுங்க. இன்டிசைன்ல அதுக்கு பேர் வேர்ல்ட் ரெடி கம்போசர். இந்த ஒரு விஷயம் தெரிஞ்சதுக்காகவே என்னை ஒரு ஸ்டுடியோல ரெண்டாவது மாசம் தக்க வெச்சுக்கிட்டாங்க.

ஃபாண்ட் திருட்டு காப்பி வேண்டாம். கூகிள் ஃபாண்ட்ஸ்லயே நல்ல தமிழ் எழுத்துருங்க இருக்கு: முக்த மலர், கேடமரன், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி, பவனம், கவிவனார், அனெக் தமிழ். எல்லாமே ஓப்பன் லைசென்ஸ், காசு வாங்கற வேலைக்கும் தாராளமா போடலாம். ஆளுக்கு ஒரு குணம் இருக்கு, ஒரே வாக்கியத்தை ஏழுலயும் அடிச்சு பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டி ஒரு வாரம் பாருங்க, எது கடை போர்டுக்கு எது பாடப்புத்தகத்துக்குன்னு கண்ணே சொல்லிடும்.

கையெழுத்து லெட்டரிங்குக்கு ஓவியர் ஆதிமூலம் பத்திரிகைத் தலைப்புகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் தூரிகைல எழுதின எழுத்துங்களைத் தேடிப் பாருங்க. அவரும், கோயில் சிற்பங்களை நேர்ல உக்காந்து கோட்டுல இறக்கின சில்பியும், 1850-ல ஆரம்பிச்ச சென்னை ஓவியக் கல்லூரில படிச்சவங்க. ஓவியர் கோபுலு கோட்டுல இருக்கற சிரிப்பு, ஓவியர் டிராட்ஸ்கி மருது கோட்டுல இருக்கற வேகம், இதையெல்லாம் டிசைன் காலேஜ் சிலபஸ்ல எதிர்பார்க்காதீங்க, நாமதான் தேடிக்கணும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகத்துல பழைய புத்தகம், பத்திரிகை எல்லாம் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க, வீட்ல இருந்தே பாக்கலாம். சென்னை போனா ரோஜா முத்தையா நூலகம். இங்கயே அல்சூர் ஏரிப்பக்கம் பெங்களூர் தமிழ்ச்சங்கத்துல நூலகம் இருக்கு. சர்ச் ஸ்ட்ரீட்ல பிளாசம் கடைல பழைய புத்தகம் மாடி மாடியா அடுக்கியிருப்பாங்க, சில்ரன்ஸ் செக்ஷன்ல தரைல உக்காந்து படப்புத்தகமா புரட்டுங்க, யாரும் விரட்ட மாட்டாங்க.

ரூபாய் சின்னம் யார் பண்ணதுன்னு தெரியும்ல? உதயகுமார் தர்மலிங்கம், நம்ம தமிழ்நாட்டுக்காரர், ஐஐடி பாம்பேயோட டிசைன் பள்ளியான ஐடிசி-ல படிச்சவர், தமிழ் எழுத்து வடிவத்துல ஆராய்ச்சியும் பண்ணினவர். அரசாங்கம் வெச்ச பொதுப்போட்டில ஜெயிச்சு 2010 ஜூலை 15-ஆம் தேதி அறிவிச்சாங்க, பரிசு ரெண்டரை லட்சம். சொந்த எழுத்தை அவ்வளவு ஆழமா பாத்த கண்ணுதான் இன்னொரு எழுத்துல புதுசா ஒண்ணு பண்ணுச்சுன்னு நான் நம்பறேன்.

கூடவே கன்னடம் எழுதக் கத்துக்கங்க. கர்நாடகால இப்ப கடை போர்டுல 60 சதவீதம் கன்னடம் இருக்கணும்னு சட்டம், 2024-ல திருத்தம் வந்துச்சு. போர்டு, மெனு, பேக்கேஜிங் எதுவா இருந்தாலும் கன்னட எழுத்து தெரிஞ்ச டிசைனருக்கு இங்க ஒரு படி மேல மரியாதை. ஒரு மாசம் பஸ் போர்டு படிச்சிட்டே போனீங்கன்னா வந்துடும். அதோட ஆட்டோ அண்ணன்கிட்ட கன்னடத்துல பேசினா ஊரே நம்மளுதா மாறிடும்.

நாலாவது படி: போர்ட்ஃபோலியோ

இருபது முப்பது படம் போட்டு நிரப்பாதீங்க. மூணு ப்ராஜெக்ட் போதும், ஒவ்வொண்ணும் ஆழமா. ரஃப், தப்பான வழி, திரும்பி வந்தது, கடைசி வடிவம் எல்லாம் தெரியணும். பிடிஎஃப் பத்து எம்பிக்கு உள்ள இருக்கட்டும், போன்ல திறந்து பாப்பாங்க. சினிமா சூப்பர் ஹீரோ படங்களைப் பாத்து வரைஞ்சதை முதல் பக்கத்துல வைக்காதீங்க, அதே படத்தை நூறு பேர் அனுப்பியிருப்பாங்க. உங்க அத்தை வீட்ல போடற முறுக்குக்கு ஒரு பாக்கெட் டிசைன் பண்ணி, நிஜமாவே பிரிண்ட் பண்ணி, பத்து பாக்கெட் வித்து, அந்த போட்டோவை போடுங்க. ஊர் திருவிழா நோட்டீஸ், அக்கா கல்யாணப் பத்திரிகை, தெருல இஸ்திரி வண்டிக்கு ஒரு போர்டு, இதெல்லாம் நிஜ பிரீஃப், அதாவது கிளையண்ட் எனக்கு இது வேணும்னு சொல்ற வேலை. நிஜ ஆள் வேண்டாம்னு சொல்லி, நீங்க மாத்தினதுதான் பாக்கறவங்களுக்கு பிடிக்கும்.

அஞ்சாவது படி: வாய்ப்பு எங்கெங்க

குழந்தைங்க புத்தகத்துல இருந்து ஆரம்பிக்கறேன், எனக்கு பிடிச்சது. பிரதம் புக்ஸ் இந்த ஊர்லதான் இருக்கு, 2004-ல ஆரம்பிச்ச லாபநோக்கில்லாத பதிப்பகம். அவங்க 2015-ல ஸ்டோரிவீவர்னு ஒரு தளம் திறந்தாங்க, தமிழ் உள்பட ஏகப்பட்ட மொழில படக்கதை இலவசமா கிடக்கு. தினம் ரெண்டு கதை பாருங்க, பாக்கும்போது பக்கத்துக்குப் பக்கம் கேமரா எங்க நகருது, திருப்பற இடத்துல என்ன ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு கவனிங்க. அங்க இருக்கற படங்களை வெச்சே நீங்க புதுக் கதை கூட கட்டிப் பழகலாம். ஆனா உங்க சொந்தப் படத்தை ஏத்தறதுக்கு முன்னாடி யோசிங்க, ஓப்பன் லைசென்ஸ்னா யாரு வேணா, காசு சம்பாதிக்கற வேலைக்கு கூட, உங்க பேர் போட்டு எடுத்துக்கலாம்னு அர்த்தம். சென்னைல தூலிகா, தாரான்னு ரெண்டு பதிப்பகம் இருக்கு, தாராவோட கைல அச்சடிச்ச புத்தகம் ஒண்ணை ஒரு தடவையாவது தொட்டுப் பாருங்க.

பதிப்பகத்துக்கு அனுப்பும்போது ஒரே பாத்திரத்தை ஓடறப்ப, தூங்கறப்ப, கோவத்துல, பின்பக்கத்துல இருந்துன்னு பத்து நிலைல வரைஞ்சு ஒரு பக்கம், அப்புறம் கதையோட ரெண்டு மூணு விரிப்பு முழுசா கலர்ல. ஒரே குழந்தை பக்கம் மாறினாலும் அதே குழந்தையா தெரியுதான்னுதான் எடிட்டர் முதல்ல பாப்பாங்க. படப்புத்தகம் அனேகமா 32 பக்கம்னு வெச்சிருக்கறதுக்கு காரணம் கூட அச்சகத்துலதான் இருக்கு, ஒரு பெரிய ஷீட்டை மடிச்சா 16 பக்கம், ரெண்டு ஷீட்டு 32. இது தெரிஞ்சு டம்மி, அதாவது புத்தகத்தோட மாதிரி வடிவம் பண்ணினா உங்களை மதிச்சு பேசுவாங்க.

அப்புறம் இந்த ஊருக்கே உரியது ஆப் கம்பெனிங்க. அவங்களுக்கு ஐகான், காலி ஸ்கிரீன்ல வர்ற படம், ஸ்டிக்கர், பண்டிகை போஸ்ட்னு இல்லஸ்ட்ரேட்டர் வேணும், சம்பளமும் அங்கதான் ஜாஸ்தி. பெருமை குறைச்சல்னு நினைக்காதீங்க, 24 பிக்சல்ல ஒரு குடையை குடையா தெரிய வைக்கறது சாதாரண வேலை இல்ல.

சுவர் ஓவியம் பிடிக்கும்னா அரவாணி ஆர்ட் ப்ராஜெக்ட் பண்ற வேலையைப் பாருங்க, திருநங்கைங்களும் கலைஞர்களும் சேந்து சுவர் வரையற குழு, 2016-ல இங்க ஆரம்பிச்சு 2024 வெனிஸ் பியன்னாலேங்கற பெரிய கலைக் கண்காட்சி வரைக்கும் போனாங்க. தெரு ஓவியர் பாதல் நஞ்சுண்டசாமி இந்த ஊர் ரோட்டுக் குழில முதலை பொம்மை வெச்சதும், குழி ரோட்டுல நிலாவுல நடக்கற மாதிரி வீடியோ எடுத்ததும் ஞாபகம் இருக்கும், ஒரு படம் ஒரு ஊரையே பேச வைக்கும்ங்கறதுக்கு அது போதும். ஸ்டிக்கர், ஜீன் (நாமளே அச்சடிக்கற குட்டிப் பத்திரிகை), சின்ன காமிக்ஸ் பண்ணினா காமிக் கான் பெங்களூர்ல ஆர்ட்டிஸ்ட் டேபிள், சண்டே சோல் சந்தே மாதிரி சந்தைங்க. டேபிள் வாடகை கையைக் கடிக்கும், மூணு நாலு பேரா சேந்து எடுங்க.

போட்டிங்கன்னா: டிசைன் மாணவர்களுக்கு டி அண்ட் ஏடிங்கற டிசைன் அமைப்பு நடத்தற நியூ பிளட், நிஜ கம்பெனிங்க கொடுக்கற பிரீஃப், ஜெயிக்காட்டியும் அந்த பிரீஃபை எடுத்து பண்ணிப் பழகலாம். படப்புத்தகக்காரங்களுக்கு இத்தாலில நடக்கற பொலோனியா குழந்தைங்க புத்தகச் சந்தையோட இல்லஸ்ட்ரேட்டர்ஸ் கண்காட்சி, 1967-ல இருந்து நடக்குது, அஞ்சு படம் அனுப்பணும். எழுத்துப் பைத்தியங்களுக்கு ஐடிசி ஆரம்பிச்ச டைப்போகிராபி டே, அதுல போஸ்டர் போட்டியும் உண்டு. அக்டோபர்ல தினம் ஒரு மை ஓவியம் போடற இங்க்டோபர், அப்புறம் தினம் ஒரு எழுத்து வரையற 36 டேஸ் ஆஃப் டைப்னு இன்ஸ்டால ஓடறது, அந்த எழுத்து வரையறதை தமிழ்ல பண்ணுங்க, நல்லா கவனிக்கப்படும். அரசாங்கத்தோட மைகவ் தளத்துல லோகோ போட்டி அடிக்கடி வரும். எந்தப் போட்டியா இருந்தாலும் விதிமுறைல உரிமை யாருக்குன்னு இருக்கற பாராவை முதல்ல படிங்க. ஜெயிச்ச படத்துக்கு மட்டும் உரிமை எடுத்துக்கறாங்கன்னா சரி. வந்த எல்லா படமும் எங்களுக்கேன்னு இருந்தா அது போட்டி இல்ல, இலவசமா படம் சேக்கறது, அந்தப் பக்கமே போகாதீங்க.

இன்டர்ன்ஷிப் கேக்கும்போது நாலு வரி மெயில் போதும். எந்த வேலையைப் பாத்து எழுதறீங்க, நீங்க யாரு, எந்த மாசம் ஃப்ரீ, லிங்க். ஸ்டைபெண்ட் எவ்வளவுன்னு கேக்க வெக்கப்படாதீங்க, பிஜி வாடகை வெக்கப்படாம மாசாமாசம் வந்து நிக்குது.

ஆறாவது படி: பிரஸ்ஸுக்கு போங்க

அவென்யூ ரோடு, சுல்தான்பேட்டை, காட்டன்பேட்டை பக்கம் ஒரு நாள் சும்மா சுத்துங்க. பேப்பர் கடை, கல்யாணப் பத்திரிகை கடை, ஸ்கிரீன் பிரிண்டிங், டை கட்டிங், ஃபாயில் எல்லாம் சந்து சந்தா இருக்கு, தமிழ் பேசற ஆளுங்களும் நிறைய, சிவகாசில தொழில் கத்துட்டு வந்தவங்களை நான் அங்க பாத்திருக்கேன். பேப்பரை தொட்டுப் பாத்து 130 ஜிஎஸ்எம்முக்கும் 300 ஜிஎஸ்எம்முக்கும் (ஜிஎஸ்எம்னா பேப்பரோட எடைக் கணக்கு) வித்தியாசம் விரல்ல பதியட்டும். ஃபைல் கொடுக்கும்போது 300 டிபிஐ (படத்தோட தெளிவு), சிஎம்ஒய்கே (அச்சு மையோட நாலு கலர்), சுத்தி 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டறதுக்கு விடற கூடுதல் ஓரம்), இந்த மூணும் மந்திரம் மாதிரி. ஸ்கிரீன்ல பளபளன்னு இருக்கற கிளிப்பச்சை அச்சுல மங்கித்தான் வரும், அது பிரஸ்காரர் தப்பு இல்ல, அந்த நாலு கலர் மையைக் கலந்தா அந்தப் பச்சையே வராது.

எழுத்தை எல்லாம் அவுட்லைன் பண்ணிட்டு, அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வடிவமா மாத்திட்டு அனுப்புங்க, திருத்தறதுக்கு ஒரு காப்பியை உங்ககிட்ட தனியா வெச்சுக்கங்க. நான் என் மூணாவது பத்திரிகை வேலைல அவுட்லைன் பண்ணாம கொடுத்துட்டேன், பிரஸ்ல கோரல்ங்கற சாஃப்ட்வேர்ல திறந்தப்ப ‘ஶ்ரீ’ இருந்த இடத்துல வெறும் கட்டம், ராத்திரி அவசரத்துல யாரும் பாக்கல, முன்னூறு பத்திரிகை அடிச்சு அடுக்கியாச்சு. மங்களகரமா ஆரம்பிக்க வேண்டிய இடத்துல கட்டம். திரும்ப அடிச்ச காசு நான்தான் கொடுத்தேன், அன்னிலேர்ந்து கையெழுத்து போட்ட ப்ரூஃப் (அச்சுக்கு முன்னாடி காட்டற மாதிரிப் பிரதி) இல்லாம ஒரு வேலையும் அச்சுக்கு விடறதில்ல. நீங்களும் ப்ரூஃப்ல கிளையண்டோட கையெழுத்து வாங்குங்க, முகூர்த்த நேரம், தேதி, கிழமை, பேரோட இனிஷியல் இந்த நாலையும் விரல் வெச்சு சத்தமா படிக்கச் சொல்லுங்க.

ஏழாவது படி: காசும் காகிதமும்

முதல் வருஷம் ஒரு கம்பெனிக்கு லோகோ பண்ணிக்கொடுத்தேன், எல்லா ஃபைலையும் நம்பி அனுப்பிட்டேன், போர்டு மாட்டிட்டாங்க, காசு வரவே இல்ல. கைல ஒரு துண்டு காகிதம் கூட இல்லாததால ஒண்ணும் பண்ண முடியல. அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

கோட்டேஷன் மெயில்ல அனுப்புங்க. அதுல எத்தனை படம், எத்தனை கரெக்ஷன் (நான் ரெண்டுன்னு போடறேன், மூணாவதுக்கு தனி காசு), எந்த தேதி, எதுக்கெல்லாம் உபயோகிப்பாங்க. பாதி அட்வான்ஸ் வந்தப்புறம் வேலை ஆரம்பிங்க. கரெக்ஷனுக்கு சின்ன சைஸ்ல காட்டுங்க, மீதி காசு வந்தப்புறம் ஃபைனல் ஃபைல். சொந்தக்காரங்களுக்கும் இதேதான், மாமாவா இருந்தா வேணா காசைக் குறைச்சுக்கங்க, மெயிலை விடாதீங்க.

காப்பிரைட் சட்டம் 1957-ல ரெண்டு மூணு விஷயம் தெரிஞ்சிருக்கணும். நீங்க வரைஞ்சா பொதுவா முதல் உரிமை உங்களுக்கு. ஆனா மாசச் சம்பளத்துக்கு வேலை பாக்கற இடத்துல அந்த வேலையா வரைஞ்சது முதலாளிக்கு. இன்னொண்ணு, நிறைய பேருக்குத் தெரியாது: ஒருத்தர் கேட்டு காசு கொடுத்து பெயின்டிங், போர்ட்ரெயிட் பண்ணச்சொன்னா, வேற மாதிரி பேசிக்கலைன்னா உரிமை அவங்களுக்குப் போயிடும். அதனாலதான் மெயில்ல “உரிமை வரைஞ்சவருக்கு, இந்த உபயோகத்துக்கு மட்டும் அனுமதி”ன்னு ஒரு வரி போடணும்னு சொல்றேன். உரிமையை எழுதிக் கொடுக்கறதா இருந்தா எழுத்துல, கையெழுத்தோடதான் செல்லும், எத்தனை வருஷம்னு எழுதலைன்னா அஞ்சு வருஷம், எந்த நாடுன்னு எழுதலைன்னா இந்தியா மட்டும். விலை பேசும்போது இதெல்லாம் கைல இருக்கற சீட்டு.

மத்தவங்க படத்தை எடுக்கறதுக்கும் இதே கணக்கு. ஓவியர் இறந்து 60 வருஷம் வரைக்கும் உரிமை இருக்கு. ரவி வர்மா 1906-ல காலமானவர், அவர் படத்தை எடுத்து மாத்தி விளையாடலாம். காலண்டர் ஓவியர் கோவில்பட்டி கொண்டையராஜு காலமானது 1976-ல, அதனால அவரோட காலண்டர் சாமி படங்களை அப்படியே எடுத்து டீ ஷர்ட்ல போடக்கூடாது, பாத்து கத்துக்கலாம். நியூயார்க் மெட் மியூசியம் 2017-ல லட்சக்கணக்கான படங்களை எல்லாருக்கும் திறந்து விட்டுட்டாங்க, டெக்ஸ்சர், பழைய தாவர ஓவியம், துணி டிசைன் எல்லாம் அங்க எடுத்துக்கலாம்.

பேன் கார்டு எடுத்துடுங்க, பேங்க் அக்கவுண்ட் உங்க பேர்ல இருக்கட்டும். கம்பெனிங்க காசு கொடுக்கும்போது டிடிஎஸ்னு ஒரு பங்கு வரியை முன்கூட்டியே பிடிச்சிட்டு கொடுப்பாங்க, ஐயோ குறைஞ்சிருச்சேன்னு பதறாதீங்க, அது உங்க பேன் கணக்குலதான் ஏறும், வருஷக் கடைசில ரிட்டர்ன் போட்டா, வருமானம் வரி கட்டற அளவுக்கு இல்லைன்னா, திரும்ப வந்துடும். ரிட்டர்ன் போடத் தெரியலைன்னா சிவாஜிநகர் பக்கம் தமிழ் பேசற ஆடிட்டர் ஆபீஸ்ங்க இருக்கு, போகும்போது இன்வாய்ஸ் எல்லாத்தையும் தேதி வாரியா ஒரு ஃபைல்ல போட்டு எடுத்துட்டு போங்க, ஒவ்வொரு இன்வாய்ஸ்லயும் நம்பர், தேதி, பேன், என்ன வேலைன்னு ஒரு வரி இருக்கணும்.